இரணைதீவில் ஒரு இரவு: கடலுக்கு அடியால் கரண்ட் வருமா?

முழங்காவில் வயர்மன்:

போன வருசம் சோளகம் தொடங்க முதல், இரண்டு சோலர் பனல், ஒரு பற்றறி, சின்ன இன்வேட்டர் ஒன்று, எல்லாவற்றையும் இரணைமாதாநகரில் போட்டில் ஏற்றிக்கொண்டு, எங்கள் முழங்காவில் கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற, கரண்ட் லைன் போகாத இரணைதீவுக்குப் போனேன். பனலைப் பழைய மெத்தைக்குள் வைத்துச் சுற்றிக் கட்டின கெட்டிக்காரன், பனலில் இருந்து பற்றறிக்குப் போகிற கரண்டை அளவாக விடுகிற சார்ஜ் கொன்ட்ரோலரை மட்டும் சும்மா சொப்பிங் பையில் வைத்துவிட்டேன். பாதிக் கடலில் ஒரு அலை அடித்தது, பைக்குள் முழுக்க உப்புத் தண்ணீர். கரையில் இறங்கி நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயப் போட்டதிலேயே அரை நாள் போய்விட்டது. கடைசியில் வேலை செய்தது, ஆனால் திரும்பிவர நேரமில்லை, அந்த வீட்டிலேயே படுத்தேன்.

வீட்டுக்கார ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். 1992இல் யுத்தத்தில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரலில் சனம் போட்டுகளில் திரும்பிப் போய் இறங்கினபோது முதல் நாளே போனவர். இரவு லைற்றைப் போட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். நான் பெரிய ஆள் மாதிரி, "ஐயா, முழங்காவில் வரைக்கும் லைன் இருக்கு. அங்கையிருந்து கடலுக்கடியால ஒரு கேபிள் விட்டால் அலுவல் முடிஞ்சுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய், மூலையில் கிடந்த நண்டு வலையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். பாதி வலைதான் இருந்தது, மற்றப் பாதி கடல் தரையோடு மடி இழுக்கிற றோலர் போட்டோடு போய்விட்டது. "தம்பி, இதையே றோலர் விட்டுவைக்கேல்லை, உன்ரை கேபிளை விட்டுவைக்குமோ?"

எனக்கு அது அப்போது பகிடியாகத்தான் பட்டது. பிறகு வீட்டுக்கு வந்து கொஞ்சம் வாசித்துப் பார்த்தால் மனிசன் சொன்னதில்தான் விசயமே இருக்கிறது. கடலடிக் கேபிள் சும்மா வயர் இல்லை. செம்பு அல்லது அலுமினியம், அதைச் சுற்றித் தடித்த காப்பு, அதற்கு மேல் இரும்புக் கம்பி சுற்றின கவசம், இவ்வளவும் இருந்தும் உலகம் முழுக்க அதை அறுப்பது பெரும்பாலும் நங்கூரமும் இழுவைமடியும்தான். அதனால்தான் கடல் தரையைக் கிழித்து ஒரு மீற்றர் இரண்டு மீற்றர் ஆழத்தில் புதைக்கிறார்கள். எங்கள் பாக்குநீரிணைப் பக்கம் பெரும்பாலான இடங்களில் 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. இழுவைமடியை இங்கே சட்டம் போட்டு 2017இல் தடை செய்தார்கள். ஆனாலும் எதிர்க்கரையான இந்தியாவில் இருந்து வருகிற றோலர்களின் மடியை விரிக்கிற பலகை தரையை உழுதுகொண்டுதான் போகிறது.

கேபிள் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் வாசித்ததில் மனதில் நின்றது சன்சிபார் தீவு. தன்சானியாக் கரையில் இருந்து 1980இல் போட்ட கேபிளை நம்பித்தான் முழுத் தீவும் இருந்தது. 2009 டிசம்பரில் கரண்ட் நின்றது, திரும்பி வந்தது 2010 மார்ச்சில். மூன்று மாதம்! யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் படித்த வன்னிச் சனத்துக்கு மூன்று மாதம் ஒரு கணக்கில்லைத்தான், ஆனால் ஒருமுறை பிரிட்ஜுக்கும் மோட்டருக்கும் பழகின பிறகு அது வேறு.

ஐயாவுக்கு லைற் பெரிய விசயமாகவும் தெரியவில்லை. "லைற் இல்லாட்டி நித்திரை கொள்ளலாம். ஐஸ் இல்லாட்டி நண்டு என்ன செய்யும்?" என்றார். கணக்குப் பார்த்தேன். ஒரு தொன் ஐஸ் அடிக்கக் கிட்டத்தட்ட 60, 70 யூனிட் வேண்டும். நான் கொண்டுபோன இரண்டு பனலும் நல்ல வெயிலில் நாளைக்கு மூன்று யூனிட் தந்தால் பெரிய காரியம்.

மன்னார்ப் பெடியன்:

அண்ணை, ஒரு கேள்வி. இந்தியாவுக்கும் எங்களுக்கும் இடையில் கேபிள் போடப் போகிறார்களாம், 2025 ஏப்ரலில் கையெழுத்தும் வைத்தார்களாம். அதில் ஒரு கிளை இழுத்து இரணைதீவுக்குக் கொடுத்தால் என்ன?

முழங்காவில் வயர்மன்:

தம்பி, எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். மதுரையையும் அநுராதபுரத்தையும் இணைக்கிற அந்தக் கதை 2010இல் இருந்தே இருக்கிறது. அது டிசி, ஒரே பக்கமாக ஓடுகிற கரண்ட். எங்கள் வீட்டுக்கு வருகிற ஏசி விநாடிக்கு 50 சுற்று திசை மாறி மாறி ஓடுகிறது. நீளமான கேபிளைக் கடலுக்குள் போட்டால், ஒவ்வொரு தடவையும் அந்தக் கேபிளையே நிரப்பி வெறுமையாக்குவதில் கேபிள் தாங்குகிற கரண்டில் பெரும் பங்கு போய்விடும், பெரிய குழாயை நிரப்பவே கிணற்றுத் தண்ணீர் முடிகிற மாதிரி. டிசியில் ஒருதரம் நிரப்பினால் சரி. ஆனால் டிசியைத் திரும்ப ஏசியாக்க ஒரு பெரிய நிலையமே கட்டவேண்டும். நடுவில் கிளை எடுப்பது தெருக் கம்பத்தில் கொக்கி போடுகிற வேலை இல்லை. இரணைதீவுத் தூரத்துக்குச் சாதாரண 33 ஆயிரம் வோல்ட் ஏசிக் கேபிளே போதும். பிரச்சினை தூரமில்லை, எத்தனை குடும்பத்துக்காக அதைப் போடுவார்கள் என்பதுதான்.

மல்லாவியான், நோர்வே:

நான் இங்கே மீன் தொழிற்சாலை இருக்கிற ஒரு தீவில் நாலு வருசம் இருந்தேன். கரண்ட் கடலடிக் கேபிளில்தான். கேபிள் கரையேறுகிற இடத்தில் பெரிய பலகை நடுவார்கள், நங்கூரம் போடாதே என்று. போட்டில் இருக்கிற வரைபடத்திலும் கோடு தெரியும், கிழவன்மாரும் அதைப் பார்த்துத்தான் வலை போடுவார்கள். இங்கேயிருந்து நெதர்லாந்துக்கு 580 கிலோமீற்றர் கேபிள் 2008இல் இருந்து ஓடுகிறது. அப்படியான நாட்டில்கூட, ஒரு மாரியில் எங்கள் கேபிள் பழுதாகி, கப்பல் வந்தும் கடல் அடங்கும்வரை ஒட்டுப் போட முடியாமல் நின்றது. ஒட்டுப் போடுகிறவன் அசையாத மேசை கேட்பானாம். தொழிற்சாலை அதுவரை ஜெனரேட்டரில் ஓடியது. இரணைதீவுக்குக் கேபிள் வந்தாலும் பற்றறியைக் கழற்றி விற்காதீர்கள்.

நயினாதீவில் படிப்பித்த ரீச்சர்:

நான் வவுனியா. நயினாதீவில் இருந்த காலத்தில் எனக்குக் கடல் சத்தத்தைவிட ஜெனரேட்டர் சத்தம்தான் பழக்கம். டீசலும் கடலால்தான் வரவேண்டும், கடல் கொந்தளித்தால் முதல் கவலை அதுதான். யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் கேபிள் இல்லாமல் வேறு வழிக்குத்தான் போனார்கள். மூன்றுக்கும் சேர்த்துக் காற்றாலை 530 கிலோவாட், சோலர் 1,700 கிலோவாட், பற்றறி 2,400 யூனிட், காற்றும் வெயிலும் கைவிட்டால் 2,500 கிலோவாட் டீசல். முதலில் ஒரு சீனக் கம்பனிக்குப் போய், பிறகு இந்திய உதவியாக மாறி, 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் வைத்தார்கள். என்னைக் கேட்டால் இரணைதீவுக்கும் இதில் சின்னதாக ஒன்று போதும். ஐஸுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், வெறும் பல்புக்கு இல்லை.

முழங்காவில் வயர்மன்:

ரீச்சர் சொல்வதுதான் என்ரை எண்ணமும். ஐஸ் கணக்கை ஐயாவே தொடங்கிவிட்டார். போன கிழமை கோல் எடுத்து, "தம்பி, அந்த இன்வேட்டரில சின்ன பிரீசர் ஒண்டு கொளுவலாமோ?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா, பற்றறி தாங்காது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொளுவி மூன்று நாள் என்றார். விடிய நாலு மணிக்கு இன்வேட்டர் கத்துகிறதாம், நண்டு மட்டும் நல்லாத்தான் இருக்கிறதாம். வாடை தொடங்க முதல் இன்னும் இரண்டு பனலோடு போகவேண்டும். கொன்ட்ரோலர் இந்த முறை மூடி போட்ட வாளிக்குள்.