மறு: முட்டைக்கோழியின் ‘ஸ்பாட்டி லிவர்’ நோய்க்குத் தமிழ்ப் பெயர்

அன்பர்களுக்கு வணக்கம். ஈரலில் புள்ளி விழச் செய்யும் இந்தப் பாக்டீரியா நோய்க்கு நம் அகராதியில் என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருந்தோம்; வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன்.

> ‘கேம்பைலோபாக்டர் கல்லீரல் அழற்சி’ என்று வைத்தால் பெயரிலேயே காரணமும் தெரிந்துவிடும்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. கிருமியின் பெயரை நோயின் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நோயே சாட்சி. 1950களில் அமெரிக்கப் பண்ணைகளில் இதைக் கண்டவர்கள், வளைந்த கோல் வடிவக் கிருமி தென்பட்டதால் ‘விப்ரியோ ஈரலழற்சி’ என்றார்கள். 1963இல் கேம்பைலோபாக்டர், விப்ரியோவிலிருந்து தனிப் பேரினமாகப் (ஜீனஸ்) பிரிந்தது. ஆனாலும் பழைய பெயர் பாடநூல்களை விட்டுப் போகவில்லை. அப்புறம் பல காலம் கேம்பைலோபாக்டரின் ஜெஜுனி இனத்தின் மேல் சந்தேகம். உண்மையான கிருமியை இங்கிலாந்தில் பிரித்தெடுத்த செய்தி வந்தது 2015இல். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்குக் கேம்பைலோபாக்டர் ஹெபாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2022இல் இதே நோய் கண்ட கோழிகளிலிருந்து ‘பிலிஸ்’ என்று இன்னோர் இனம் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் நடுவே மாறாமல் இருந்தது ஈரலில் தெரியும் புள்ளி ஒன்றுதான். ஆகவே என் பரிந்துரை: புள்ளியீரல் நோய்.

> புள்ளி கோழிக் காலராவிலும் வருமே?

வரும். காலராக் கிருமியான பாஸ்டுரெல்லா தாக்கிய ஈரலிலும் குண்டூசித் தலையளவு வெண்புள்ளிகள் இருக்கும். கோழி டைபாய்டிலும் புள்ளி உண்டு; ஆனால் அதில் ஈரல் வீங்கி, வெண்கல நிறமோ பச்சையோ ஏறியிருக்கும். புள்ளியை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். புள்ளியீரல் நோயில் இறப்பது பெரும்பாலும் முட்டை உச்சத்தில் இருக்கும், சதைப்பிடிப்பான கோழி. திறந்தவெளியில் வளர்பவற்றில் அதிகம். ஈரல் முழுக்க 1–2 மி.மீ. சாம்பல் வெண்புள்ளிகள். கிருமி மெதுவாக வளர்வது. அதைத் தேடப் பித்தநீர்தான் நல்ல மாதிரி.

குழப்பத்தைச் சொல் வரிசையிலேயே தீர்த்துவிடலாம். அறுத்துப் பார்க்கும்போது காண்பது ‘ஈரல் புள்ளி’, அது எந்த நோயிலும் இருக்கலாம். ‘புள்ளியீரல்’ இந்த ஒரு நோயின் பெயர். ‘கல்லீரல்’ என்று முழுதாக எழுத வேண்டும் என்பார்க்கு: பண்ணையிலும் கறிக்கடையிலும் ஈரல் என்றாலே அதுதான்.

> பாக்டீரியாவால் வரும் மற்ற ஈரல் நோய்களுக்கெல்லாம் ‘கல்லீரல் அழற்சி’ போதாதா?

போதாது. ஈ. கோலி பரவிய கறிக்கோழியில் ஈரலின் மேல் பாலாடை போலப் படலம் படிந்திருக்கும். இதயத்தின் உறையிலும் காற்றுப்பைகளிலும் அதே கதை. அது ஈரலுறை அழற்சி. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் குடலிலிருந்து பித்தநாளம் வழியே ஏறி வருவது வேறு. கோழி பார்வைக்கு நன்றாக இருக்கும், இறைச்சிக்கூடத்தில் ஈரலைப் பார்த்த பிறகே தெரியவரும். அதற்குப் பித்தநாள ஈரலழற்சி. நீளம்தான், ஆனால் நோய் வந்த வழி அதில் இருக்கிறது.

> புல்லோரம் நோயை ‘வெள்ளைக் கழிச்சல்’ எனலாம். பழைய ஆங்கிலப் பெயரும் அதுவே.

தயவுசெய்து வேண்டாம். நம் ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட். அது வைரஸ் நோய், தடுப்பூசி போட்டுக் காப்பது. புல்லோரமோ சால்மோனெல்லா பாக்டீரியாவின் வேலை, தாய்க்கோழியின் முட்டை வழியே குஞ்சுக்கு வருவது, தாய்க்கோழிகளைச் சோதித்து நோயுள்ளவற்றைக் கழித்தால்தான் தீரும். அகராதியில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டால், அதைப் படித்துவிட்டு ஒருவர் ராணிக்கெட் சொட்டு மருந்தோடு நிற்பார். புல்லோரம் புல்லோரமாகவே இருக்கட்டும்.

கேம்பைலோபாக்டரை ‘வளைகோலி’ எனலாம் என்ற யோசனையும் வந்தது; கேட்க அழகு. ஆனால் பேரினப் பெயர்களை ஒலிபெயர்ப்பது என்று முன்பே பேசி முடித்தோம். மறுபடி திறக்க வேண்டாம்.

இனி ஒன்றே பாக்கி. இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் செத்த ஈரல் திசு. நெக்ரோசிஸுக்கு ‘நசிவு’ என்கிறார்கள் சிலர், ‘திசு இறப்பு’ என்கிறார்கள் சிலர். நசிவு என்றால் நசுங்கியது என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு என்பதால் நான் இரண்டாவதன் பக்கம். குழுவில் உள்ள நோயியல் மருத்துவர்கள் அறிக்கையில் எதை எழுதுகிறீர்கள் என்று சொன்னால் பதிவை முடித்துவிடலாம்.