தம்பி தலையாட்டுகிறான், கேள்வியே கேட்பதில்லை. எப்படிப் பழக்குவது?

கேள்வி (குமுளி):
ஏலக்காய் ஸ்டோரில் (பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தும் இடம்) 18 வருடமாக இருக்கிறேன். கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வரும் ஒரு தம்பிக்கு வேலை பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்கிறான். போன வாரம் சூடு கூடிப்போய் காய் வெடித்து, பச்சை நிறமும் வெளுத்துவிட்டது. எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில் (வண்டன்மேடு):
அண்ணே, முதலில் திட்டினதற்கு வருத்தம் சொல்லிவிடுங்கள், அதையும் எல்லோர் முன்னாலேயே. அப்புறம் நீங்கள் பேசுவதைக் குறையுங்கள். பச்சைக்காயில் 80 சதவீதம்வரை இருக்கும் ஈரத்தை 10 சதவீதம் அளவுக்குக் கொண்டுவருவது உங்களுக்குக் கைப்பழக்கம், அவனுக்கு அது வெறும் எண்தான். ஒரு பிடி காயை அவன் உள்ளங்கையில் கொட்டி, குலுக்கச் சொல்லி, என்ன சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள், அவன் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள். எனக்குச் சொல்லித்தந்த அக்கா அப்படித்தான் செய்தார்.

பதில் (போடி):
தான் உங்களிடம் பேசியது முதலாளி காதுக்குப் போகாது என்ற நம்பிக்கை வந்தால்தான் அவன் கேள்வி கேட்பான். வாரம் ஒருநாள் டீக்கு உட்காருங்கள், நீங்கள் ஆரம்பத்தில் கெடுத்த காயைப் பற்றிச் சொல்லுங்கள். அவன் ஸ்டோரிலேயே இருக்க விரும்புகிறானா, ஏலக்காய் வியாபாரம் பழக ஆசையா என்றும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இதுவரை அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. நாளை ஜீப் வந்ததும் கேட்கிறேன்.