வாட்ஸ்அப்பால் மனசு மாறியதா, கலவரத்தால் மாறியதா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சாட்ஸ்வர்த்_பெண்
எல்லாருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் நடந்த 2024 மே தேர்தலிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத வாக்குவாதம். கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலை கலவரத்துக்கு அப்புறம்தான், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் சனங்களின் மனசு மாறியது என்கிறார் பெரியப்பா. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆடியோதான் காரணம் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். ஆய்வு செய்கிறவர்கள் இதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்? 6 கோடிப் பேர் உள்ள நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கேட்டால் போதுமா?

டர்பன்_களப்பணி
போதும் தங்கச்சி, ஆளைச் சரியாக எடுத்தால். 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பதில் வாங்கியும் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது, அவர் அமோகமாக ஜெயித்தார். கார், டெலிபோன் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்தே பெரும்பாலும் ஆள் எடுத்ததும், அதிலும் ஆர்வம் இருந்தவர்கள் மட்டும் பதில் அனுப்பியதும்தான் கோளாறு. குலுக்கலில் எடுத்த 1,200 பேர் என்றால் பிழை கூடக்குறைய 3 சதவீதப் புள்ளிக்குள் அடங்கும்.

நான் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவன், அதனால் சொல்கிறேன். எந்த வீடு என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, இத்தனை வீடு விட்டு அடுத்தது என்று கணக்கு உண்டு. வீட்டுக்குள்ளும் டேப்லெட்தான் ஆளைப் பொறுக்கும். அது ஆயாவின் பெயரைக் காட்டினால், "அவளுக்கு அரசியல் தெரியாது, என்னைக் கேளுங்க" என்று கேட்டிலேயே தாத்தா மறித்தாலும், அடுப்படியில் இருக்கும் ஆயாவைத்தான் கேட்க வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளில் மக்கள் கருத்தைக் கேட்கும் அஃப்ரோபாரோமீட்டர் அமைப்பின் ஆய்வில் முடிவில் ஒரு கேள்வி வரும்: "எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள்?" அரசாங்கம் அனுப்பியது என்று நினைப்பவர் ஆளுங்கட்சியைப் பற்றி வாயை அடக்கித்தான் பேசுவார். அதையும் பார்த்துத்தான் பதில்களை எடைபோடுவார்கள்.

நேட்டால்_மாணவி
காரணத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஏற்கெனவே கோபமாக இருப்பவர்தான் அந்த ஆடியோவைக் கேட்டு நாலு பேருக்கு அனுப்புகிறாரா, இல்லை ஆடியோ கேட்டுத்தான் கோபம் வந்ததா? ஒரே ஒரு தடவை கேட்டால் இது தெரியவே தெரியாது. 1940இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரும் கூட்டாளிகளும் ஒரே ஆட்களை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலானவர்களுக்கு இருந்த எண்ணமே இறுகியது. அக்கம்பக்கத்தில் மதிப்புள்ளவர்களின் பேச்சு வானொலியை விட அதிகம் எடுபட்டது.

இன்னொரு வழி சோதனை. குலுக்கலில் பிரித்த இரண்டு குழுவுக்கு வேறு வேறு செய்தியைக் காட்டிவிட்டு அப்புறம் கேட்பது. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐயங்கார், கிண்டர் இருவரும் டிவி செய்தியை இப்படி மாற்றிக் காட்டினார்கள். எந்தப் பிரச்சினையை அதிகம் பார்த்தார்களோ அதையே பெரிதாக நினைத்தார்கள், அதை வைத்தே அதிபரையும் அளந்தார்கள்.

ஜூலை 2021 பற்றி வெளியாளிடம் மனசைத் திறப்பது லேசில்லை. அதற்குப் பட்டியல் முறை இருக்கிறது. பாதிப் பேருக்கு 4 வாக்கியம், மீதிப் பேருக்கு அதே 4 கூட அந்தச் சங்கடமான ஒன்று. எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனையை ஒத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். இரண்டு குழுவின் சராசரி வித்தியாசமே எத்தனை சதவீதம் பேர் அப்படி நினைக்கிறார்கள் என்பதைக் காட்டிவிடும், தனி ஆள் யாரும் மாட்டமாட்டார்.

சாட்ஸ்வர்த்_பெண்
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அப்போ "இந்தியர்கள் இந்தக் கட்சிக்குத்தான்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அது?

டர்பன்_களப்பணி
அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களான நாம் நாட்டில் 2.7 சதவீதம். 1,200 பேரில் 32 பேர் வருவார்கள், அந்த 32ஐ வைத்துச் சொன்னால் பிழை 17 புள்ளி. நம் பகுதிகளில் தனியாக நிறையப் பேரைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தச் செய்தியை நம்பாதீர்கள். ஓட்டுப் போடாதவர்களையும் கேட்டார்களா என்று பாருங்கள். 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்த மூன்று அவை நாடாளுமன்றம் வந்தபோது, பதிவு செய்த இந்தியர்களில் 5 பேருக்கு ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். மற்ற நாலு பேரில் பலர் வேண்டுமென்றே புறக்கணித்தவர்கள், ஓட்டுப் பெட்டியை மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.