பாவிங்டன் டாங்கிக் காட்சிக்குத் தந்தையாரை அழைத்துச் செல்ல ஏழு லட்சம் தேவைதானா?

கேள்வி: குடியாத்தம் வாசகர்

என் தந்தையார் இராணுவத்தின் கவசப் படைப்பிரிவில் விஜயந்தா டாங்கி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது 72. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் ஜூன் இறுதியில் நடத்தும் டாங்க்ஃபெஸ்ட் காட்சியில் பழைய டாங்கிகள் களத்தில் ஓடுவதைக் காணொளியில் பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சாக இருக்கிறது. வேலூரில் ஒரு பயண முகவரை விசாரித்தபோது, எட்டு நாள்களுக்கு எங்கள் இருவருக்கும் ஏழு லட்சம் ரூபாய் ஆகும் என்றார். அந்தக் கணக்கில் லண்டனைச் சுற்றிக் காட்டுவதற்கு மட்டும் நான்கு நாள்கள் இருந்தன. நாங்கள் போவதே எதற்காகவோ, அந்தக் காட்சியின் நுழைவுச்சீட்டு அதில் இல்லை. இராணிப்பேட்டையில் மாதச் சம்பளத்தில் இருக்கும் நான் எந்தச் செலவைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஆம்பூர், தோல் ஏற்றுமதித் துறை

வணிகத்துக்காக ஐரோப்பா சென்று வருபவன் என்ற முறையில் விசாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரிட்டனின் வருகையாளர் விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. பவுண்டை 115 ரூபாய் என்று கொண்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 14,600 ரூபாய். மறுக்கப்பட்டால் இப்பணம் திரும்பி வராது என்பதால், கட்டணத்தைவிட ஆவணங்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரெனப் பெருந்தொகை சேர்வது ஐயத்தை எழுப்பும். மாதந்தோறும் வந்து சேரும் ஓய்வூதியமும் தங்கள் வருமான வரிக் கணக்கும் அதைவிட வலுவான சான்றுகள். நிலப் பத்திரத்தை இணைப்பதானால், தமிழில் உள்ளதைச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புடன் தர வேண்டும்.

இன்னொன்று. "போவதுதான் போகிறோம், பிரான்சின் சோமூரில் உள்ள கவச வாகன அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாமே" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பிரிட்டன் விசா அங்கே செல்லாது. 90 யூரோ கட்டணத்தில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் தனியாக வேண்டும். முதல் பயணத்தில் ஒரே நாடு போதும் என்பது என் கருத்து.

மறுமொழி: காட்பாடி, முன்னாள் படைவீரர்

ஏழு லட்சத்தை எடுத்து வைப்பதற்கு முன் மகாராஷ்டிரத்தின் அகில்யாநகருக்கு, அதாவது பழைய அகமதுநகருக்கு, ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்தை பூனாவிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் அடையலாம். மொத்தச் செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. அதைப் பற்றி அப்பாவிடம் முன்பே பேசினேன். நிறுத்தி வைத்த டாங்கியை ஆவடியிலேயே வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று, ஓடுவதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்.

மறுமொழி: சத்துவாச்சாரியில் பிறந்து, சவுத்தாம்ப்டனில் வசிப்பவர்

தங்கள் தந்தையார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் பெரும்பாலோர் 1943 இல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மானிய டாங்கியான டைகர் 131 ஐத் தேடி வருவார்கள். விஜயந்தா ஓட்டியவருக்கோ பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிதான் முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் லேலண்ட் எல்60 இயந்திரமே பொருத்தப்பட்டது. அந்த ஓசையை அவர் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வார். எந்த வண்டி ஓடும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே அவ்வாண்டின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவைப் பெருக்குவது விமானச்சீட்டு மட்டுமன்று, தங்குமிடமும்தான். பாவிங்டன் சிற்றூர், காட்சி நாள்களில் அக்கம்பக்கத்து அறைகள் வெகு முன்பே நிரம்பிவிடும், எஞ்சியவற்றின் வாடகை ஏறிவிடும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேமவுத் செல்லும் இரயில் பாதையில் சவுத்தாம்ப்டன், போர்ன்மவுத், பூல், வேர்ஹம் ஆகியவற்றை அடுத்து வரும் வூல் நிலையத்தில்தான் இறங்க வேண்டும். இப்பாதையில் உள்ள பெரிய ஊர் ஒன்றில், எளிய சமையல் வசதியுள்ள அறையாகப் பார்த்துத் தங்கிக்கொண்டு, காட்சிக்கு மட்டும் இரயிலில் போய் வந்தால் வாடகையும் குறையும், சாப்பாட்டுச் செலவும் குறையும். இருவர் சேர்ந்து பயணம் செய்வதற்கென்று ஓர் இரயில் சலுகை அட்டை உண்டு. மூன்றில் ஒரு பங்கு கட்டணம் மிச்சமாகும், ஆனால் வார நாள்களில் காலை 9.30 மணிக்கு முன் புறப்படும் வண்டிகளில் செல்லாது. வார இறுதியில் பாதைப் பராமரிப்புக்காக இரயிலை நிறுத்திப் பேருந்து விடும் வழக்கமும் இங்கே இருப்பதால், முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதில் கை வைக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவக் காப்பீட்டில். பிரிட்டன் விசாவுக்கு அது கட்டாயமில்லை என்று சொல்லி முகவர் அதை நீக்கிவிடலாம். ஆனால் வருகையாளராக வருபவர் மருத்துவமனையில் சேர்ந்தால் கட்டணம் விதிப்பார்கள். 70 வயதைக் கடந்தவருக்குக் காப்பீட்டுக் கட்டணம் கூடத்தான் செய்யும். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் அதை மறைக்காமல் தெரிவித்தே பாலிசி எடுங்கள். லண்டன் சுற்றுலா நான்கு நாள்களைத் தயங்காமல் வெட்டிவிடலாம். நுழைவுச்சீட்டை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நீங்களே வாங்குங்கள். விற்பனை தொடங்கியதும் வாங்கிவிடுவது நல்லது, தீர்ந்துபோவது உண்டு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இத்தகைய காட்சிகளில் வெற்றுத் தோட்டாக் கூடுகள் விற்பார்களாமே. நினைவுப் பொருளாக ஒன்று வாங்கி வரலாமா என்று அப்பா கேட்கிறார்.

மறுமொழி: காட்பாடி, முன்னாள் படைவீரர்

கூடவே கூடாது. 1959 ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின்படி தோட்டா முதலிய வெடிபொருளின் உறுப்புகளும் வெடிபொருள் என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன. சென்னை விமான நிலையத்தில் பையைத் திறந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். சீஃப்டனின் சிறு மாதிரி பொம்மை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.