மவுண்டன் ஃபிளைட்: தமிழில் என்ன சொல்லலாம்?

பிரிக்பீல்ட்சிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவிலிருந்து நேப்பாளத்துக்குப் போகும் பசுபதிநாத், முக்திநாத் யாத்திரைக்கான தமிழ்க் கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் இடிக்கிறது. காட்மாண்டுவில் காலையில் ஏறி, இமயத்தைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏறிய இடத்திலேயே வந்து இறங்கும் பயணம். நேப்பாளத்தில் இதற்கு ‘மவுண்டன் ஃபிளைட்’ என்று பெயர். நியூசிலாந்தில் ‘சீனிக் ஃபிளைட்’, அலாஸ்காவில் ‘ஃபிளைட்சீயிங்’. மூன்றுக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். வரைவில் இப்போது ‘எவரெஸ்ட் மேல் பறக்கும் விமானப் பயணம்’ என்று இருக்கிறது. ‘மலைமேற்பறப்பு’ என்று சுருக்கலாமா?

சுபாங்கிலிருந்து:

‘மேல்’ வேண்டவே வேண்டாம் அண்ணே, பொய்யாகிவிடும். இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72 என்ற சுழலி விமானம். அது ஏறக்கூடிய உச்ச உயரம் 25,000 அடி, அதாவது 7,620 மீட்டர். எவரெஸ்டோ 2020-இல் நேப்பாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த கணக்குப்படி 8,848.86 மீட்டர். விமானம் முழு மூச்சாக ஏறினாலும் சிகரம் இன்னும் 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கும். மலைத்தொடரின் தெற்குப் பக்கமாக, அதை ஒட்டிக் கிழக்கே போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான். ‘மேல் பறக்கும்’ என்று அச்சடித்தால், குனிந்து பார்க்கலாம் என்று நம்பி ஏறுகிறவர் சண்டைக்கு வருவார்.

இன்னொன்று. ‘மேற்பறப்பு’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் சொல். ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டின் வான்வெளியைக் கடந்து போவதற்கான அனுமதியை ‘மேற்பறப்பு உரிமை’ என்கிறோம். அதைச் சுற்றுலாவுக்குக் கொடுத்துவிட்டால் அங்கே கைவறண்டு போவோம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

கணக்கு சரி. அப்படியென்றால் ‘சிகரவலம்’? யாத்திரைக் கையேடுதானே. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவருக்கு விளக்கமே தேவைப்படாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சுபாங்கிலிருந்து:

அழகான சொல், அக்கா. ஆனால் வலம் வந்தால் மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், சுற்றியும் வர வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. விமானம் கிழக்கு நோக்கிப் போகிறது, மலை வடக்கே. எனவே போகும்போது இடப்பக்கச் சன்னல்காரருக்குக் காட்சி, திரும்பும்போது வலப்பக்கத்தாருக்கு. மலைக்குப் பின்னால் திபெத். இந்த விமானங்கள் அங்கே போவதில்லை, ஆகவே சுற்றவும் முடியாது. ‘வலம்’ என்ற சொல்லை நம்பி எல்லாரும் வலப்பக்க இருக்கை கேட்டால் டிக்கெட் எடுத்துத் தருகிறவர்தான் பாவம்.

பிரிக்பீல்ட்சிலிருந்து:

இருக்கை பற்றி எடுத்ததால் கையேட்டுக்கு வைத்திருக்கும் குறிப்புகளையும் போடுகிறேன். சொல் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

ஏடிஆரில் வரிசைக்கு இரண்டிரண்டு இருக்கை. இந்தப் பயணத்துக்குப் பொதுவாகச் சன்னலோர இருக்கைகளை மட்டும்தான் விற்பார்கள், ஆகவே எந்தப் பக்கம் கிடைத்தாலும் நட்டமில்லை. இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கீழ்ப்பார்வை மறையாது. ஆனால் முன்பாதியில் சுழலியும் எஞ்சினும் சன்னலுக்கு நேரே வந்து நிற்கும். பின்வரிசை கேட்டு வாங்குங்கள். படம் எடுக்க: கைப்பேசியைச் சன்னலில் அழுத்தி வைத்தால் அதிர்வு படத்தில் ஏறும், விரற்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டால் அது சன்னலில் பிரதிபலித்துப் படத்தில் சிகரத்தின் மேல் விழும், கறுப்புதான் நல்லது. கேமராவில் பொலரைசர் வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். சன்னல் அக்ரிலிக் என்பதால் வானவில் பட்டைகள் படத்தில் வந்து குந்தும்.

ஏன் காலையிலேயே? வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மேலெழுந்து, முற்பகலுக்குள் சிகரங்களை மேகம் மூடிவிடும். குளிர்காலத்தில் தொல்லை தலைகீழ்: காட்மாண்டு ஒரு கிண்ணம் மாதிரி, மூடுபனி அதற்குள் தேங்கிவிடும். மேலே மலை பளிச்சென்று இருக்கும், கீழே ஓடுபாதை தெரியாது, விமானம் கிளம்பாது. அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீப் புகை மங்கலாக்கும். அதனால் இதைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கக் கூடாது. ரத்தானால் மறுநாள் போக இடம் இருக்க வேண்டும். மலை தெரியாமல் திரும்பினால் பணமா, மறுநாள் இருக்கையா என்பதை டிக்கெட்டுக்குப் பணம் கட்டும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்நாட்டு முனையம் தனிக் கட்டடம், வந்து இறங்கிய முனையத்தில் போய் நிற்கக் கூடாது.

நேரம்: காட்மாண்டு 6:30 என்றால் இங்கே மலேசியாவில் 8:45. இரண்டே கால் மணி நேர வித்தியாசம். அந்தக் கால் மணியைக் கொடுத்தது இதே பயணத்தில் சன்னலில் தெரியும் கௌரிசங்கர் சிகரம்தான். அதன் வழியே போகும் தீர்க்கரேகையை வைத்துத்தான் நேப்பாள நேரம்.

என் பரிந்துரை ‘வானுலா’.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

‘வானுலா’ காதுக்கு நன்றாக இருக்கிறது. இரண்டு தடை மட்டும். ஒன்று, உலா இலக்கியத்தில் போகிறவர் பார்ப்பதில்லை. வீதியில் நிற்கும் ஏழு பருவப் பெண்கள் போகிறவரைப் பார்க்கிறார்கள். இரண்டு, ‘வானியல்’ என்று பழகிய பிள்ளைகள் இதை நட்சத்திரம் பார்க்கும் பயணம் என்று நினைக்கலாம்.

சுபாங்கிலிருந்து:

முதல் தடையைச் ‘சுற்றுலா’ எப்போதோ உடைத்துவிட்டது, அக்கா. இன்று உலா போகிறவர்தான் பார்க்கிறார். இரண்டாவதற்கு, ‘வான்வழி’, ‘வானூர்தி’, ‘வான்படை’ எல்லாம் காற்றுமண்டலத்துக்குள்தானே. அதற்கு அப்பால் ‘விண்’. ‘விண்ணுலா’ தனியே இருக்கட்டும், பணக்காரர்களுக்கு.

எனக்குப் பிடித்த காரணம் வேறு. ‘உலா’ மேலேயா, ஓரமாகவா, சுற்றியா என்று எதையும் சொல்வதில்லை. நியூசிலாந்தில் 3,724 மீட்டர் அவோராக்கி சிகரத்தருகே டாஸ்மன் பனியாற்றில் சறுக்குக்கட்டை பொருத்திய சிறுவிமானம் இறங்கி ஏறுகிறது. அலாஸ்காவில் 6,190 மீட்டர் டெனாலியைப் பார்க்கப் போகும் விமானங்களிலும் பனியாற்றில் இறங்குபவை உண்டு. ‘பனியாற்றில் இறங்கும் வானுலா’ என்று அடைமொழி சேர்த்தால் போதும்.

ஹெலிகாப்டரை மட்டும் தனியாக எழுதுங்கள். ஏடிஆரில் பயணியர் அறைக்குள் காற்றழுத்தம் கூட்டப்பட்டிருக்கும். வெளியே 7,600 மீட்டர் என்றாலும் உள்ளே உடம்பு உணர்வது 2,400 மீட்டருக்குள்தான். எவரெஸ்ட் அருகே காலாபத்தர் மேட்டுக்குப் போகும் ஹெலிகாப்டரில் அந்த ஏற்பாடு இல்லை. காட்மாண்டுவில் 1,300 மீட்டரில் இருந்த உடம்பு அதே காலையில் 5,500-ஐத் தொடும். இதய நோயாளிகள் கையேட்டில் ஒரே சொல்லைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஹெலிகாப்டர் வானுலா’ என்று முழுசாக, எச்சரிக்கையோடு.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். பொதுச்சொல் ‘வானுலா’, இமயத்துக்கு ‘மலைக்காட்சி வானுலா’. வலி மிகும்: மலைக்காட்சி. ‘எவரெஸ்ட் வானுலா’ என்றும் எழுதலாம், எவரெஸ்டைப் பார்க்கும் உலா என்றுதான் விரியும். ‘பறப்பு’ வீணாக வேண்டாம். இலங்கைத் தமிழில் வழங்குகிறது, மலாயில் ‘தெர்பாங்’கிலிருந்து ‘பெனர்பாங்கான்’ வந்தது போலப் ‘பற’விலிருந்து நேராக வந்தது. ஃபிளைட் என்ற பொதுப்பொருளுக்கு வைத்துக்கொள்வோம்.

பிரிக்பீல்ட்சிலிருந்து:

நன்றி. அச்சுக்குப் போகும் வாசகம்:

‘இரண்டாம் நாள் காலை: மலைக்காட்சி வானுலா (நேப்பாளத்தில் மவுண்டன் ஃபிளைட் என்று கேட்கவும்). சுமார் 1 மணி நேரம். விமானம் சிகரங்களுக்கு மேலே போகாது, அவற்றை ஒட்டிப் போய்த் திரும்பும். போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம் மலை தெரியும். வானிலை சரியில்லையெனில் மூன்றாம் நாள் காலை.’

அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுக்கச் சொல்லாதீர்கள். அங்கே டிக்கெட் முகப்பில் நிற்பவருக்கு வானுலா என்றால் புரியாது.