அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்: குசினித் தரை மட்டும் குளிர், ஃப்ளோ மீட்டரில் 0

கேள்வி (வடக்குவாசல்)

வணக்கம். இங்கிலாந்தில் வீடு. கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் ஓடும் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங். கேஸ் பாய்லர், 5 லூப் (அறைக்கு ஒரு பைப் சுற்று) மேனிஃபோல்ட் (தண்ணீரை லூப்புகளுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி), 16 மி.மீ. பைப், 150 மி.மீ. இடைவெளி, மேலே ஸ்கிரீட் (சிமெண்ட் பூச்சு), டைல்ஸ். தரைக்குப் போகும் தண்ணீரின் சூட்டை மட்டுப்படுத்தும் மிக்ஸிங் வால்வு 45 டிகிரியில் இருக்கிறது.

குசினி (14 சதுர மீட்டர்) மட்டும் சூடாகுதில்லை. தெர்மோஸ்டாட்டை 21-இல் வைத்தும் அறை 16-ஐத் தாண்டுதில்லை. வயரிங் பெட்டியில் அந்த ஸோனின் லைட் எரிகிறது. ஃப்ளோ மீட்டர்கள் (நிமிடத்துக்கு லிட்டரில்) காட்டுவது: ஹால் 2, முன்னறை 2, படிக்கும் அறை 1.5, பாத்ரூம் (4 சதுர மீட்டர்) 3.5, குசினி 0. பிரஷர் 1.3 பாரில் அசையாமல் நிற்கிறது. பார்க்க வந்தவர் தரையை உடைக்க வேண்டும் என்கிறார். அதற்கு முதல் மிக்ஸிங் வால்வை 55-க்கு ஏற்றிப் பார்க்கலாமோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதில் (செம்புக்குழாய்)

தரையில் கை வைக்க விடாதீர்கள். பிரஷர் இறங்கவில்லை என்றால் ஸ்கிரீட்டுக்குள் பைப் ஒழுகவில்லை. வால்வையும் ஏற்ற வேண்டாம். ஓட்டமே இல்லாத லூப்புக்கு 45-உம் ஒன்றுதான், 55-உம் ஒன்றுதான். மற்ற அறைகளில்தான் தரை 29 டிகிரியைத் தாண்டிப் போகும். இருந்து புழங்கும் இடத்துக்கு அதுதான் மேல் எல்லை.

முதலில் ஆக்சுவேட்டர், அதாவது லூப்பின் வால்வைக் கரண்டால் திறந்து மூடும் தலை. ரிட்டர்ன் பாரில் (லூப்புகளில் இருந்து தண்ணீர் திரும்பி வரும் குழாயில்) ஒவ்வொரு லூப்புக்கும் ஒரு வெள்ளைத் தலை இருக்கும். பெரும்பாலும் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் வகை. உள்ளே இருக்கும் மெழுகு சூடாகி விரிந்துதான் திறக்கும், அதற்கு 3 முதல் 5 நிமிடம் பிடிக்கும். கரண்ட் மெயினை நிறுத்தி, குசினித் தலையைக் கையால் திருகிக் கழற்றுங்கள். ஸ்பேனர் தேவையில்லை. தண்ணீர் வராது.

கீழே ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். மரக்கரண்டியின் காம்பால் அழுத்திவிடுங்கள். சில மி.மீ. உள்ளே போய், விட்டதும் சட்டென்று மேலே வர வேண்டும். கோடை முழுக்க மூடியே கிடந்தால் இது கீழேயே ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் வால்வின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, சிலிகான் ஸ்பிரே ஒரு துளி விட்டு, திரும்பத் திரும்ப அழுத்துங்கள். குறட்டால் பிடித்து இழுக்கவே கூடாது, ஊசி கையோடு வந்தால் மேனிஃபோல்டில் இருந்து தண்ணீர் பீய்ச்சும். மினரல் ஆயில் கலந்த ஸ்பிரேயும் வேண்டாம், அது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை ஊத வைத்துவிடும்.

ஊசி மேலே நின்றால் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தலையை மாட்டாமல் கரண்ட் மெயினைப் போட்டு, வேறொரு அறையும் சூடு கேட்கும்படி வையுங்கள். பம்ப் ஓடத் தொடங்கியதும் குசினி மீட்டர் அசைந்தால் பழுது தலையில், அல்லது அதற்கு வரும் 230 வோல்ட்டில். அசையாவிட்டால் வயரிங்கை மறந்துவிடுங்கள்.

வடக்குவாசல்

செய்து பார்த்தேன். ஊசி நன்றாக மேலே எழும்புது. தலை இல்லாமலும் மீட்டர் 0 தான்.

பதில் (அழுத்தமானி)

அப்படியென்றால் மின்சாரப் பக்கம் சுத்தம். நீங்கள் எழுதிய எண்களிலேயே சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது: மிகச் சின்ன பாத்ரூம் லூப்பில் 3.5 ஓடுகிறது. 150 மி.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு சுமார் 6.7 மீட்டர் பைப் போகும். பாத்ரூமுக்கு 27 மீட்டர், குசினிக்கு 93 மீட்டர். தண்ணீர் சுலபமான வழியில்தான் போகும். குசினி லூப்பில் காற்று அடைத்திருந்தால், அதைத் தள்ளப் பம்புக்கு மிச்சம் எதுவும் இல்லை.

குசினி மீட்டரின் வளையம் தவறி மூடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டு மூடியைத் தூக்கி இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். பிறகு மற்ற நான்கு தெர்மோஸ்டாட்டையும் 5 டிகிரிக்கு இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அந்தத் தலைகள் மூடிக்கொள்ளும், பம்பின் முழுப் பலமும் குசினிக்கு வரும். சில நேரம் இதிலேயே கிளம்பிவிடும்.

இல்லையென்றால் மெயின்ஸ் தண்ணீரால் தள்ள வேண்டும். கரண்டை நிறுத்துங்கள், மற்ற தலைகள் தாமாகவே மூடியிருக்கும், குசினித் தலை கழற்றியபடியே இருக்கட்டும். தண்ணீர் பம்ப் வழியாகச் சுற்றிப் போகாதபடி ஐசொலேஷன் வால்வுகளை (மேனிஃபோல்டைத் தனியாகப் பிரிப்பவை) மூடுங்கள். ஃப்ளோ பாரின் (சூடான தண்ணீர் லூப்புகளுக்குப் போகும் குழாயின்) நுனியில் மெயின்ஸ் ஹோஸ் (தண்ணீர் திரும்பி மெயின்ஸுக்குள் போகாமல் தடுக்கும் டபுள் செக் வால்வு உள்ளது), ரிட்டர்ன் பாரின் நுனியில் இன்னொரு ஹோஸ். அதன் மறுமுனை வாளித் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால் குமிழ் தெரியும், நிரம்பி வழிவது வடிகாலுக்குப் போகட்டும்.

வரிசை முக்கியம். வெளியேறும் பக்கத்தை முதலில் திற, பிறகுதான் மெயின்ஸ். நிறுத்தும்போது மெயின்ஸ் முதலில். மூடிய மேனிஃபோல்டுக்கு சேஃப்டி வால்வும் இல்லை, அழுத்தம் ஏறுவதைத் தாங்கும் எக்ஸ்பான்ஷன் வெசலும் இல்லை. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மெயின்ஸைத் திறந்தால் முழு அழுத்தமும் மூட்டுகளில் ஏறும்.

93 மீட்டர் பைப்பில் ஏறக்குறைய 10.5 லிட்டர்தான் நிற்கும். பெரிய குமிழ்கள் ஒரு வீச்சில் வரும், பிறகு பொடிக்குமிழ்கள். அதுவும் நின்றபின் இன்னும் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். முடிந்ததும் ஐசொலேஷன் வால்வுகளைத் திறந்து பிரஷரை 1.2-க்குக் கொண்டுவந்து, காற்றைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ ஏர் வென்ட்டின் மூடி ஒரு சுற்றுத் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். புதுத் தண்ணீர் புகுந்ததால் இன்ஹிபிட்டர் (துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து) நீர்த்துப்போகும், போத்தலில் உள்ள அளவின்படி (வழக்கமாக 100 லிட்டருக்கு 1 லிட்டர்) ஈடுசெய்யுங்கள்.

பதில் (செம்புக்குழாய்)

சரியான வழி. காற்றை எடுத்துவிட்டுப் பாத்ரூமை அப்படியே விட்டால் பழைய கதைதான் என்பதால் பாலன்ஸிங்கையும் (லூப்புகளுக்கு ஓட்டத்தைச் சரியாகப் பங்கிடுவதையும்) சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடத்துக்குத் தேவையான லிட்டர் = அறைக்கு வேண்டிய வாட்ஸ் ÷ (70 × ஃப்ளோவுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள டிகிரி வித்தியாசம்). சதுர மீட்டருக்கு 60 வாட், வித்தியாசம் 7 என்று எடுத்தால் குசினிக்கு 840 ÷ 490, அதாவது 1.7. பாத்ரூமுக்கு 0.5 போதும்! ஐந்து அறையும் சூடு கேட்கும் நேரத்தில் பாத்ரூமைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், மற்றவை தாமாக ஏறும்.

பலனைக் காலால் சோதிக்காதீர்கள், ஸ்கிரீட் சூடேறச் சில மணி நேரம் ஆகும். குசினியின் ரிட்டர்ன் பைப்பில் கிளிப் தெர்மாமீட்டர் மாட்டிப் பாருங்கள். ஃப்ளோவைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாக இருந்தால் லூப் ஒழுங்காக ஓடுகிறது.

மெயின்ஸ் வைத்தும் ஹோஸ் நுனியில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது என்றால் மட்டும் பைப் மடிந்திருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்ற கேள்வி வரும். அப்போதும் ரிட்டர்ன் பக்கத்தில் இருந்து எதிர்த்திசையில் ஒருமுறை தள்ளிப் பார்த்து, அடுத்து தெர்மல் கேமராவால் சூடு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் டைலைத் தொட வேண்டும்.