டிகிண்டர்: விண்டோ சின்னதானா 'பில் போடு' பட்டன் காணாம போய்டுது

எம்சிரோடு_பையன்:
எம்.சி. ரோட்ல எங்க மாமா ஜவுளிக்கடைக்கு பைத்தான்ல டிகிண்டர் (விண்டோ, பட்டன் எல்லாம் வரையுற லைப்ரரி) வச்சு ஒரு பில்லிங் அப்ளிகேஷன் எழுதிருக்கேன். வீட்ல என் லேப்டாப்ல பாத்தா சோக்கா இருக்கு (1920×1080, எழுத்து மட்டும் லேசா மங்கலா தெரியும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்). கடைல பழைய 1366×768 மானிட்டர், அங்க ஓபன் பண்ணா கீழ இருக்குற 'பில் போடு' பட்டன் டாஸ்க்பாருக்கு அடில போய் பூந்துக்குது, கஸ்டமர் கைல காச வச்சினு நிக்கிறாங்க, மாமா மவுஸ புடிச்சினு ஸ்க்ரீன் ஃபுல்லா தேடினு இருக்காரு, பயங்கர பேஜாரு. எல்லாத்தையும் பிளேஸ்ல எக்ஸ், ஒய் குடுத்து தான் வச்சிருக்கேன், பட்டன், லேபிள், லிஸ்ட்னு 40 விட்ஜெட்டுக்கு மேல இருக்கும். ஸ்க்ரீன் சைஸ எடுத்து எல்லா நம்பரையும் ஒரு ரேஷியோவால பெருக்கிடலாமா? தீபாவளி கூட்டத்துக்குள்ள முடிக்கணும்.

டோல்கேட்_அண்ணன்:
பெருக்காத தம்பி. நானும் ஒரு காலத்துல பெருக்கினேன், பட்டன் இடம் மாறும் ஆனா எழுத்து சைஸ் அப்டியே இருக்கும், ஒன்னு மேல ஒன்னு ஏறி குந்திக்கும். பிளேஸ தூக்கிட்டு கிரிட்டுக்கு வா, அது விண்டோவ ரோ, காலம்னு கட்டம் கட்டமா பிரிச்சு வைக்கிற முறை.

டோல்கேட்ல ஷேர் ஆட்டோ ஏறிருப்பல்ல? இன்னொரு ஆளு ஏறும்போது சில பேர் தள்ளி உக்காருவாங்க, சில பேர் கல்லு மாதிரி நகரவே மாட்டாங்க. கிரிட்ல அத சொல்றது தான் வெயிட். டீஃபால்ட் 0, அதாவது எல்லாருமே கல்லு. உன் ஐட்டம் லிஸ்ட் இருக்குற ரோவுக்கு மட்டும் ரோகான்ஃபிகர்ல வெயிட் 1 குடு, பட்டன் ரோவ 0லயே விடு. விண்டோ பெருசானா லிஸ்ட் பெருசாகும், சின்னதானா லிஸ்ட் தான் சுருங்கும், பட்டன் அசையாது. காலமுக்கும் அதே கதை. லிஸ்டுக்கு ஸ்டிக்கில 'நியூஸ்'னு இங்கிலீஷ் எழுத்து நாலையும் போடு, வடக்கு கிழக்கு மேற்கு தெற்குனு நாலு பக்கமும் ஒட்டிக்கும். இடைவெளிக்கு பேட்எக்ஸ், பேட்ஒய் போதும், சும்மா காலி லேபிள் வச்சி இடம் உடாத.

ராயபுரம்_ரூட்:
அண்ணன் சொன்னது கரெக்ட். கிரிட்டுக்கு பதிலா பேக் (ஒன்னு பின்னாடி ஒன்னா அடுக்குற முறை) யூஸ் பண்றவங்களுக்கு ஒன்னு சொல்றேன், அதுல கடைசியா பேக் பண்ணது தான் இடம் பத்தலன்னா மொதல்ல வெட்டுப்படும், அதனால பட்டன் இருக்குற ஃப்ரேம (விட்ஜெட்ட உள்ள வைக்கிற பொட்டி) சைட் பாட்டம் குடுத்து முன்னாடியே பேக் பண்ணிட்டு அப்புறம் லிஸ்ட பண்ணணும். ஒரே ஃப்ரேமுக்குள்ள பேக்கையும் கிரிட்டையும் கலக்காத, எரர் அடிக்கும்.

அப்புறம் உன் லேப்டாப்ல விண்டோஸ் ஸ்கேலிங் 125% தான? எழுத்து மங்கலா இருக்குன்னு போற போக்குல சொன்னியே, அதான் க்ளூ. உன் ப்ரோக்ராமுக்கு டிபிஐ (ஸ்க்ரீன்ல புள்ளி எவ்ளோ நெருக்கம்ங்கிற கணக்கு) பத்தி தெரியாததால விண்டோஸ் அதுகிட்ட ஸ்க்ரீன் 1536×864னு பொய் சொல்லி, வரைஞ்சத இழுத்து பெருசாக்கி காட்டுது. நீ அந்த 864க்கு அளந்து வச்ச, கடைல 768 தான் இருக்கு, பட்டன் எங்க போகும்? பைத்தானோட சிடைப்ஸ் மாட்யூல் வழியா விண்டோஸோட எஸ்எச்கோர் ஃபைல்ல இருக்குற செட்ப்ராசஸ்டிபிஐஅவேர்னஸ் ஃபங்ஷன 1னு குடுத்து, ரூட் விண்டோ (மெயின் விண்டோ) உருவாக்குறதுக்கு முன்னாடியே கூப்டுடு, மங்கல் போய்டும்.

எம்சிரோடு_பையன்:
நேத்து நைட் ஃபுல்லா உக்காந்து மாத்திட்டேன். மொதல்ல ஒன்னுமே அசையல, ஒரு மணி நேரம் மண்ட காஞ்சிடுச்சு. பாத்தா உள்ள இருக்குற ஃப்ரேமுக்கு மட்டும் வெயிட் குடுத்துருக்கேன், அந்த ஃப்ரேம் உக்காந்துருக்குற ரூட்டுக்கு குடுக்கல 🤦 குடுத்ததும் இழுத்த இழுப்புக்கு வருது. மங்கலும் போய்டுச்சு. ஆனா இப்ப லிஸ்ட்ல 'துண்டு'ன்னு வந்தா கீழ இருக்குற வளைவு ரெண்டும் வெட்டுப்பட்டு ஏதோ வேற எழுத்து மாதிரி தெரியுது, இது இன்னா புதுசா?

டோல்கேட்_அண்ணன்:
லிஸ்டுக்கு ட்ரீவியூவா (டேபிள் மாதிரி காட்டுற விட்ஜெட்) வச்சிருக்க? அதுல ரோஹைட், அதாவது ஒரு வரியோட உயரம், டீஃபால்ட் 20 பிக்சல், நீ ஃபான்ட் பெருசாக்குனாலும் அது தானா ஏறாது. இங்கிலீஷ் எழுத்து எப்டியோ தப்பிச்சிடும், நம்ம து, டு எல்லாம் கீழ எறங்குற எழுத்து. ஸ்டைல்ல ட்ரீவியூக்கு ரோஹைட்ட மாத்து, கைல நம்பர் போடாம ஃபான்ட் மெட்ரிக்ஸ்ல லைன்ஸ்பேஸ் (அந்த எழுத்துக்கு ஒரு வரி எவ்ளோ உயரம் வேணும்ங்கிற அளவு) எடுத்து மேல ஒரு 6 கூட்டிக்கோ. அப்டியே ரூட்டுக்கு மின்சைஸ் (இதுக்கு கீழ சுருங்காதுங்கிற அளவு) ஒன்னு வை, இல்லனா உங்க மாமா விண்டோவ தீப்பெட்டி சைஸுக்கு சுருக்கிட்டு மறுபடி போன் போடுவாரு.

எம்சிரோடு_பையன்:
துண்டு முழுசா வந்துடுச்சுண்ணா 🙏 மின்சைஸ் 1000, 600 வச்சிருக்கேன். மாமா இப்ப பட்டன இன்னும் பெருசா, பச்ச கலர்ல கேக்குறாரு.